தவசி யாருக்குத் தலையாட்டினான்?

நீங்கள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பதைக் கவனித்துக்கொண்டுதான் வருகிறேன். தப்பில்லை. எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று யோசிக்கிறீர்கள். கைபேசியில் பார்த்திருப்பீர்கள். கறுப்புத் துண்டு, பின்னால் சிவப்பு எழுத்து, தலைக்கு மேலே ஒரு பெரிய கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பது நான்தான். சொல்லருவி கனல்வேந்தன். வீட்டில் வைத்த பெயர் கந்தையா. ரேஷன் கார்டில் இன்னும் கந்தையாதான். அடுத்து கந்தையா பேசுவார் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தால் யார் வந்து கேட்பார்கள்? பந்தல்காரரைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

எங்கே இறங்குகிறீர்கள்? விருதுநகரா? நானும் அங்கேதான். விசாரணை ஆணையத்துக்குப் போகிறேன். அரசு விருந்தினர் மாளிகையில் இன்றைக்குக் கடைசி அமர்வு. இன்றோடு சாட்சி விசாரணை முடிகிறது. நாளைக்கு யார் போய் நின்றாலும் வாசல் காவலர்தான் விசாரிப்பார். எனக்கு அழைப்பாணை வந்திருக்கிறது. இதற்கு முன்னாலும் வந்தது. அப்போதெல்லாம் எனக்குக் கூட்டம் இருந்தது.

அங்கே நான் சொல்லப் போவது நாட்டையே புரட்டிப் போடும். என் தங்கை சொல்லச் சொல்வது வேறு. அவளுக்கு ஒரே ஒரு வரி போதுமாம். அவள் புருஷனைக் காப்பாற்றுகிற வரி. அதையும் சொல்லலாம்தான். சொல்ல மாட்டேன் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. இடம் பார்க்க வேண்டும், ஏவல் பார்க்க வேண்டும். நான் முப்பது வருடமாக மேடையில் நிற்கிறவன். எந்த வரியை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியும்.

எந்த ஆணையம் என்று கேட்கிறீர்களே, இதை என்னவென்று சொல்வது. பரமகுரு ஆணையம். கரிசல் வேங்கை பரமகுரு. கரிசல் மக்கள் பேரவையின் நிறுவனர், ஒரு தடவை சட்டமன்ற உறுப்பினர், மற்ற தடவைகளில் வேட்பாளர். எங்கள் வட்டாரத்துக்கு வெளியே அவரைத் தெரியாது என்று சிலர் பேசுகிறார்கள். உயிரோடு இருந்தபோது வட்டாரத்துக்கு உள்ளேயே சிலருக்குத் தெரியாது. இப்போது மலேசியாவிலிருந்து போன் வருகிறது. தலைவரை யார் கொன்றது என்று சொல்லுங்கள் என்று அழுகிறார்கள். எப்படிப்பட்ட வளர்ச்சி பாருங்கள்.

மேலப்பாறைத் தேரடியில் கூட்டம். மேடையில் தலைவர். நான் ஒலிபெருக்கியில் பெயர் வாசிக்கிறேன். வார்டு வாரியாக ஆட்கள் வரிசையில் வந்து தலைவருக்கு மாலை போடுகிறார்கள். இந்த இடத்தில் தவசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தவசிதான் என் தங்கை பேச்சித்தாயின் புருஷன். என் மாப்பிள்ளை. ஊரில் சமையல் பாத்திரம் வாடகைக்கு விடுகிற தொழில். அண்டா, குண்டா, ஜல்லிக்கரண்டி. ஆனால் தலைவர் கூட்டம் என்றால் கடையைப் பூட்டிவிட்டு வந்து பின்னால் நிற்பான். மாலை எடுக்கிற வேலை. சாதாரண வேலை என்று நினைக்காதீர்கள். ஒருவர் மாலை போட்டதும் தலைவர் லேசாகக் குனிவார்; பின்னாலிருந்து தவசியின் இரண்டு கைகள் வந்து மாலையைத் தலைக்கு மேலே கழற்றிக்கொண்டு போகும். அடுத்த மாலைக்குக் கழுத்து காலியாக இருக்கும். தலைவருக்குக் கழுத்தில் வேர்க்குரு. மாலை கட்டுகிற நார் உறுத்தினால் தாங்க மாட்டார். அதனால் மாலை அவர் கழுத்தில் தங்கவே கூடாது. படம் எடுக்கிறவன் ஒரு தடவை பொத்தானை அமுக்குகிற நேரம், அவ்வளவுதான். அந்த நேரம் தவசிக்குக் கையில் ஊறிப்போயிருந்தது.

அன்றைக்கு என்ன நடந்தது? எல்லாம் படத்தில் இருக்கிறது. ஸ்டூடியோக்காரர் எடுத்த வீடியோ படம். நீங்களும் பார்த்திருக்கலாம், பல லட்சம் பேர் பார்த்தது. ஏழாவது வார்டு ஆள் மாலை போடுகிறார். தவசி பின்னால் நிற்கிறான். திடீரென்று வலது பக்கம் திரும்பிப் பார்க்கிறான். யாரையோ பார்க்கிறான். தலையாட்டுகிறான். மேடையை விட்டு இறங்கிப் போகிறான். மாலை கழுத்திலேயே கிடக்கிறது. தலைவர் இரண்டு கையையும் தூக்கி அவரே கழற்றப் பார்க்கிறார். கை இரண்டும் மாலைக்குள் இருக்கும்போது வரிசையில் நின்ற இருவர் துண்டுக்குள்ளிருந்து அரிவாளை எடுக்கிறார்கள்.

மேற்கொண்டு சொல்ல வேண்டாம். என்னால் முடியாது. மேடையில் சொல்வேன். பேருந்தில் சொல்ல வராது.

அவரை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஓடி வந்து ஏறியது தவசி. தலைவர் தலை அவன் மடியில். போகிற வழியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாராம். "மாலையிலே." அவ்வளவுதான். அதோடு பேச்சு நின்றுவிட்டது. தவசி அதை வந்து அப்படியே ஊரில் சொன்னான். அவனுக்கு எதை எங்கே சொல்வது என்று தெரியாது. தெரிந்திருந்தால் என் பக்கத்தில் மைக் பிடித்திருப்பானே, எதற்கு மாலை பிடிக்கிறான்?

ஒரு வார்த்தை, ஊர் இரண்டாகிவிட்டது. மாலையிலே என்றால் சாயங்காலத்திலே என்று ஒரு கூட்டம். மறுநாள் மாலையில் தலைவர் ஒரு பெரிய கூட்டணியை அறிவிக்க இருந்தார், அதைத் தடுக்கத்தான் கொன்றார்கள், சாகிற நேரத்தில் அதைத்தான் சொல்ல வந்தார் என்று சொன்னார்கள். இன்னொரு கூட்டம், மாலையிலே என்றால் பூமாலையிலே என்றது. மாலையில் ஏதோ மருந்து தடவியிருந்தது, அது அவர் கையைக் கட்டிப் போட்டுவிட்டது, இல்லாவிட்டால் வேங்கையை நெருங்க முடியுமா என்றது. எங்கள் ஊர் டீக்கடையில் இரண்டு பெஞ்சு. ஒன்று சாயங்காலக் கட்சி, மற்றது பூமாலைக் கட்சி. சாயங்காலக் கட்சிக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் பூமாலைக் கட்சிக்காரர் போவதில்லை. டீ ஆற்றுகிறவர் நடுநிலை. நடுநிலை என்றதால் அவர் பெயரிலும் சந்தேகம் இருக்கிறது.

மூன்றாவதாக ஒரு கூட்டமும் உண்டு. தலைவர் சாகவே இல்லை என்பவர்கள். பெட்டியில் வைத்த உடம்பில் கைக்கடிகாரம் வலது கையில் இருந்ததாம், தலைவர் இடது கையில்தான் கட்டுவாராம். ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர் ஒருவர் அவரை ராமேசுவரத்தில் பார்த்திருக்கிறார். கூப்பிட்டாராம், திரும்பவில்லையாம். அதுவே அவர்தான் என்பதற்கு அத்தாட்சி, ஏனென்றால் உயிரோடு இருந்தபோதும் போஸ்ட் மாஸ்டர் கூப்பிட்டால் அவர் திரும்ப மாட்டார். இவர்களும் வருடா வருடம் நினைவு நாளுக்கு வருகிறார்கள். பூப் போட்டுக் கும்பிட்டு, சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்து, அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கேள்வி கேட்கிறவன் எல்லாம் நம் ஆள்.

இதில் தவசி ஒரு விளக்கம் சொன்னான் பாருங்கள், அதைக் கேட்டால் சிரிப்பீர்கள். தலைவர் கழுத்தில் அந்த ஏழாவது வார்டு மாலை அறுந்து தொங்கிக்கொண்டிருந்ததாம். வேனில் மடியில் படுத்தபடி கழுத்தைக் கழுத்தை அசைத்தாராம். மாலையிலே என்றாராம். நார் குத்துகிறது என்று சொல்ல வருகிறார் என்று இவனுக்குப் புரிந்து, மாலையைக் கழற்றி எடுத்தானாம். உடனே முகம் தெளிந்ததாம். அப்புறம் பேசவில்லையாம்.

எப்படி இருக்கிறது? ஒரு மாபெரும் தலைவனின் கடைசி வார்த்தை வாழைநாரைப் பற்றியதா? பூவோடு சேர்ந்து நாரும் மணக்கும் என்பார்கள், இவன் நாரோடு சேர்த்துத் தலைவரையே கீழே இறக்குகிறான். இரண்டு பெஞ்சும் முதல்முறையாக ஒன்று சேர்ந்து அவனை ஏசியது அன்றைக்குத்தான்.

கொன்றவர்கள் பிடிபடவில்லையா என்கிறீர்களா? பிடிபடுவதாவது. மறுநாளே வேறு ஊர் நீதிமன்றத்தில் போய்ச் சரணடைந்துவிட்டார்கள். இருவரும் தலைவரின் பங்காளிகள், சித்தப்பா மக்கள். ஒரே கிணறு, மூன்று பங்கு. ஆளுக்கு ஒரு நாள் மோட்டார் போடுகிற முறை. அவர்கள் முறை நாளிலும் தலைவர் மோட்டார் ஓடியதாம். கேட்கப் போனவர்களைத் தலைவர் ஆட்களை விட்டு அடித்தாராம். பருத்தி கருகிவிட்டதாம், அதனால் வெட்டினோம் என்கிறார்கள். போலீஸும் அதையே சொல்கிறது. அரிவாள் இருக்கிறது, வாக்குமூலம் இருக்கிறது, கிணறும் இருக்கிறது. எல்லாம் இருக்கிறது. அதுதான் எனக்கு முதல் சந்தேகம். உண்மையான வழக்கில் இவ்வளவு ஒழுங்காக எல்லாம் இருக்குமா? நான் பார்த்ததில்லை.

அப்படியே இருக்கட்டும் ஐயா. உண்மை என்றே வைத்துக்கொள்வோம். கரிசல் விவசாயிகளின் உரிமைக்குரல் கிணற்றுத் தண்ணீர்த் தகராறில் வெட்டுப்பட்டார் என்று சிலையின் பீடத்தில் எழுத முடியுமா? நினைவு நாளுக்குத் தலைப்பு என்ன வைப்பது? கட்சிக்காரன் எந்த முகத்தோடு வாக்குக் கேட்பான்? சாவுக்கும் ஒரு தகுதி வேண்டாமா? பங்காளி வெட்டினால் அது வீட்டு விஷயம். பன்னாட்டுக் கம்பெனி வெட்டினால்தான் நாட்டு விஷயம். எங்கள் கரிசல் மண்ணுக்கு அடியில் ஒரு கனிமம் இருக்கிறது. அதன் பெயரை நான் வெளியே சொல்ல மாட்டேன். எனக்கே இன்னும் முழுதாகத் தெரியாது.

முதல் இரங்கல் கூட்டத்தில் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். யார் பெயரையும் சொல்லவில்லை. "தலைவனின் பின்னால் நிற்க வேண்டிய கை, அந்த நேரத்தில் எங்கே போனது? போகும்போது யாருக்குத் தலையாட்டிவிட்டுப் போனது?" இரண்டே வரி. கூட்டம் எழுந்து நின்றது. என் வாழ்க்கையில் ஒரு கூட்டம் எனக்காக எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை. அதுவரை நான் பேசுகிறபோது எழுந்தவர்கள் வீட்டுக்குப் போனவர்கள்.

அதன் பிறகு எனக்கு ஓய்வே இல்லை. இன்றைக்கு இந்த ஊர், நாளைக்கு அந்த ஊர். மதுரையில் உண்மை உரைகல் என்று ஒரு சேனல் நடத்துகிறார்கள், அவர்கள் கூப்பிட்டார்கள். ஒரு மணி நேரம் அந்தத் தலையாட்டலைப் பற்றியே பேசினேன். மெதுவாக ஓட விட்டு, நிறுத்தி நிறுத்திப் பேசினேன். தலை முதலில் இடது பக்கம் சாய்கிறது, அப்புறம் வலது பக்கம். இது சரி என்கிற தலையாட்டலா, முடித்துவிடு என்கிற தலையாட்டலா? யாருக்கு? எதிரே யார்? படத்தில் அந்தப் பக்கம் தெரியவில்லை. அந்தப் பக்கம்தான் மர்மம். தவசி முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போடச் சொன்னது நான்தான், பார்க்கிறவர்களுக்குத் தெளிவாகத் தெரியட்டும் என்று. அம்புக்குறி அவர்களாகவே போட்டது.

தவசிக்குக் கொஞ்சம் சிரமம்தான். மறைக்க மாட்டேன். பாத்திரம் எடுக்க ஆள் வருவதில்லை. அவன் அண்டாவில் சமைத்தால் என்ன கலந்திருக்குமோ என்று பயப்படுகிறார்கள். வீட்டுச் சுவரில் துரோகி என்று எழுதினார்கள். வெள்ளையடித்தான், மறுபடி எழுதினார்கள். திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனியில் சேர்ந்தான். அங்கே ஒருவன் கைபேசியை அவன் முகத்துக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறான். திரும்பி வந்துவிட்டான். மகள் பள்ளிக்கூடத்தில் எடுத்த குரூப் போட்டோவில் அவள் தலையைச் சுற்றி யாரோ சிவப்பு மையால் வட்டம் போட்டுவிட்டார்களாம். பிள்ளைகள் விளையாட்டு. பேச்சித்தாய் அதை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பேச்சித்தாய் என்று பெயர், ஆனால் பேச்சு கிடையாது. எங்கள் வீட்டுப் பேச்சையெல்லாம் நானே எடுத்துக்கொண்டேன் என்று அம்மா சொல்லும். போன வாரம் இரண்டாம் தடவையாக வந்தாள். தவசியும் வந்திருந்தான், வாசலில் தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்றுகொண்டான். உள்ளே வா மாப்பிள்ளை என்றேன். இல்லை மச்சான், இங்கேயே இருக்கேன் என்றான். யாராவது பார்த்தால் எனக்குக் கெட்ட பெயர் என்று நினைத்திருக்கிறான். நல்லவன்.

கட்சியிலிருந்து உயர்நீதிமன்றம் போகப் போகிறார்களாம், சதிகாரன் என்று தவசியையும் வழக்கில் சேர்க்கச் சொல்லி. ஆணையத்தின் அறிக்கை வந்ததும் போவார்கள். அறிக்கையில் அவனைப் பற்றி என்ன எழுதப்போகிறார்கள் என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. நீதிபதி தவசியிடம் நேராகவே சொல்லிவிட்டாராம்: உன்னைக் கூப்பிட்டவர் இங்கே வந்து, ஆமாம் கூப்பிட்டேன் என்று சொன்னால் எழுதிக்கொள்கிறேன், விஷயம் முடிந்தது, இல்லாவிட்டால் நீ சொல்வது நீ சொன்னதாக மட்டும்தான் இருக்கும்.

பேச்சித்தாய் உட்காரக்கூட இல்லை. நான் அவளுக்குக் கனிமத்தைப் பற்றி எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டே நின்றாள். நான் மூச்சு விடுகிற நேரம் பார்த்து, "அண்ணே, ஒலகத்த விடு. அன்னைக்கி மேடையில, 'மாப்ளே, இங்க வா'ன்னு இவுகளக் கூப்ட்டது நீயா, இல்லியா?" என்றாள்.

"நான்தான். யார் இல்லை என்றது?"

"அத அங்க வந்து சொல்லு. வேற ஒண்ணும் வேண்டாம்."

ஆமாம், நான்தான் கூப்பிட்டேன். ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? தலைவருக்கு நானும் ஒரு மாலை வாங்கியிருந்தேன். ஆளுயர ரோஜா மாலை. இத்தனை வருடம் பேசியும் தலைவரோடு தனியாக ஒரு படம் இல்லை எனக்கு. மாலை மேடைக்குக் கீழே கிடந்தது, கனம், என்னால் தூக்க முடியாது. மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, மாப்ளே இங்க வா, கீழே போய் அந்த மாலையைத் தூக்கி வா என்றேன். திரும்பிப் பார்த்தான், தலையாட்டினான், போனான். அவ்வளவுதான். அது எங்கள் இருவருக்கும் உள்ள விஷயம். போலீஸ் கேட்டபோது நான் அதைச் சொல்லவில்லை, ஏனென்றால் அவர்கள் கொலையைப் பற்றிக் கேட்டார்கள், மாலையைப் பற்றிக் கேட்கவில்லை.

இதைத்தான் பேச்சித்தாயிடமும் விளக்கினேன். அம்மா, நான் கூப்பிட்டது ஒரு சம்பவம். அவன் தலையாட்டியது ஒரு மர்மம். இரண்டையும் போட்டுக் குழப்பாதே என்றேன். வாசலில் நின்றவன்தான் அப்போது வாயைத் திறந்தான்.

"மச்சான், நான் ஒங்களுக்குத்தானே தலையாட்டுனேன்?"

"எனக்குத்தான் ஆட்டினாய் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய், மாப்பிள்ளை" என்றேன். "ஒருவனைப் பகடைக்காயாக உருட்டும்போது அவனுக்கே அது தெரியாது. அந்த நேரம் பார்த்து நீ ஏன் போனாய்?"

"நீங்க கூப்ட்டீங்க."

"அதைத்தான் கேட்கிறேன். அந்த நேரத்தில் உன்னைப் போக வைத்த சக்தி எது?"

டிரம்மைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு அரசியல் புரியாது. பேச்சித்தாய் மட்டும் சிரித்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவள் சிரித்ததைப் பார்த்தேன். பெரிய சக்திதாண்ணே, தொண்டையிலேயே இருக்கு என்றாள். என்ன அர்த்தத்தில் சொன்னாள் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசியில் சரி என்று சொல்லிவிட்டேன். கூடப் பிறந்தவள் கேட்கிறாள். போகிறேன், கனிமத்தைப் பற்றி எல்லாம் பேசி முடித்துவிட்டு, கடைசியில் அந்த வரியையும் சொல்லிவிடுகிறேன் என்றேன். முதல்ல அதச் சொல்லுண்ணே என்றாள். முடியாது அம்மா. பேச்சு என்றால் ஒரு கட்டுமானம் இருக்கிறது. முதலிலேயே விடையைச் சொல்லிவிட்டால் கூட்டம் கலைந்துவிடும். யாருக்குத் தலையாட்டினான் என்று நான் கேட்கும் வரைக்கும்தான் ஜனங்கள் உட்கார்ந்திருப்பார்கள். எனக்குத்தான் ஆட்டினான் என்று சொல்லிவிட்டால், அப்புறம் எதற்கு என் கூட்டத்துக்கு வருவார்கள்? தலைவருக்கு யார் நியாயம் கேட்பது? எனக்காகச் சொல்லவில்லை.

ஒரு நிமிடம். போன் அடிக்கிறது. உண்மை உரைகல்லிலிருந்துதான்.

சொல்லுங்க தம்பி... ஆமா, பஸ்லதான் வர்றேன், சாத்தூர் தாண்டியாச்சு... இன்னைக்கா?... நேரலையா?... நான் ஆணையத்துக்கில்ல போய்க்கிட்டு இருக்கேன்... அப்படியா? யாரு வர்றா? அவரா? அவரு என் பக்கத்துல உக்காருவாரா?... சரி தம்பி. சரி. தலைப்பு என்ன?... நல்லாருக்கு.

கேட்டீர்களா? மதுரையில் மதியம் நேரலை விவாதம். பெரிய ஆளெல்லாம் வருகிறார்கள். தலைப்பு என்ன தெரியுமா, ஆணையம் கேட்க மறந்த கேள்விகள். நான் இல்லாமல் எப்படி நடத்துவது என்று தம்பி கெஞ்சுகிறார். விருதுநகரில் இறங்கினால் போய்ச் சேர முடியாது. இந்த வண்டியிலேயே போனால்தான் சரியாக இருக்கும்.

நீங்களே சொல்லுங்கள். ஆணையத்தில் ஒரு நீதிபதி, ஒரு தட்டச்சர், இரண்டு வக்கீல். அங்கே மூச்சு முட்டப் பேசினாலும் நாலு பேர் காதுக்கு மேல் போகாது, அதில் தட்டச்சருக்குக் காது மந்தம் என்கிறார்கள். இங்கே உலகமே கேட்கும். ஆணையம் கேட்க மறந்த கேள்விகள் என்று தலைப்பு வைத்துவிட்டு, ஆணையத்திலேயே போய் உட்கார்ந்திருந்தால் அந்தத் தலைப்புக்கு என்ன மரியாதை?

நடத்துனரே, இந்த டிக்கெட்டை மதுரைக்கு மாற்றிக் கொடுங்க. மாற்ற முடியாதா? புதிதாகவே ஒன்று போடுங்க.

அந்த ஒரு வரியை நேரலையில் சொல்லலாமே என்கிறீர்கள். சொல்லலாம். ஆனால் அது நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுகிற நிகழ்ச்சி. குடும்ப விஷயத்துக்கெல்லாம் அங்கே இடம் இருக்காது. பார்க்கிறவர்களுக்கும் குழப்பம்.

இதோ விருதுநகர் வந்துவிட்டது. பேருந்து நிலையத்துக்குள்ளே போகும், அவசரப்படாதீர்கள். எனக்கு ஒரு உதவி செய்ய வேண்டும் நீங்கள். பேச்சித்தாய் இங்கே வந்து நிற்பாள், காலையிலேயே வந்து என்னைக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தாள். அதோ, சர்பத் கடைத் தூணுக்குப் பக்கத்தில், பச்சைப் புடவை. மகளையும் கூட்டி வந்திருக்கிறாள் போல. பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறானே, அவன்தான் தவசி. பேருந்து நிலையத்தில் அவன் எப்போதும் சுவரைப் பார்த்துத்தான் நிற்பான். அண்ணன் அவசரமாக மதுரை போயிருக்கிறார், தலைவருக்காகத்தான் போயிருக்கிறார், கவலைப்பட வேண்டாம் என்று சொன்னார் என்று அவளிடம் சொல்லிவிடுங்கள். நான் இறங்கிச் சொன்னால் வண்டியை விட்டுவிடுவேன். அவள் கையைப் பிடித்துக்கொள்வாள்.

என்ன சொன்னீர்கள்?

நீங்களே அவர்களோடு ஆணையத்துக்குப் போகிறீர்களா? நான் சொன்னதை எல்லாம் என் வாயால் கேட்டேன் என்று நீதிபதியிடம் சொல்லப் போகிறீர்களா?

சொல்லுங்கள். தாராளமாகச் சொல்லுங்கள். நான் யாரையும் தடுக்கிறவன் இல்லை. ஒன்றை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். இவ்வளவு நாள் இல்லாமல், கடைசி அமர்வு நாளில், முன்பின் தெரியாத ஒருவர் வந்து நின்று சாட்சி சொன்னால் நாலு பேர் கேட்பார்கள். இவர் யார்? எந்த ஊர்? அத்தனை இருக்கை காலியாக இருக்கும்போது சொல்லருவி கனல்வேந்தனுக்குப் பக்கத்தில் ஏன் வந்து உட்கார்ந்தார்? வழி முழுக்கத் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் ஏன் கேட்டுக்கொண்டே வந்தார்? இவரை அனுப்பியது யார்? நான் கேட்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நேரலையில் யாராவது ஆரம்பித்தால் நானும் கேட்க வேண்டியிருக்கும்.

பார்த்து இறங்குங்கள், படி உயரம்.

உங்கள் பெயர் என்னவென்று சொல்லவே இல்லையே?

சொல்லாமலே இறங்குகிறீர்கள். சரி. அதையும் மனதில் வைத்துக்கொள்கிறேன்.